சூரியன் பக்கத்தில் நான்கு விளக்குகள்: ஒரு வீடியோவும் அது வெட்டி எறிந்த மூலையும்

ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. போன வாரம் கடைக்காரர் டம்ளரை வைத்த கையோடு போனை நீட்டினார். "சார், நீங்கதான் வானத்தைப் பத்தி எழுதுறீங்களே, இது என்னன்னு சொல்லுங்க."

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. நீல நிறப் பின்னணி, நடுவில் ஒரு வட்டத் தட்டு, அதைச் சுற்றிப் புகை மாதிரி ஒளி. தட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு பிரகாசமான பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் இடமும் வலமும் நேர்கோடாக ரெக்கை. இடது பக்கம் மேலே சின்னப் புள்ளிகளாக ஒரு கொத்து. பின்னணிக் குரல் சொல்கிறது: இது ஆதித்யா எல்1 அனுப்பிய படம், விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள், ஒளி உடம்போடு சித்தர்கள் அண்ணாமலையை நோக்கி வருகிறார்கள்.

"கேமரா கோளாறுங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். "அப்ப அங்க ஒண்ணுமே இல்லையா சார்?" என்றார். இல்லை என்றேன்.

ராத்திரி வீட்டில் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் உறைத்தது. வீடியோ சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு.

முதலில் படம் யாருடையது? ஆதித்யாவுடையது இல்லை. 1995 டிசம்பரில் ஐரோப்பாவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கருவி எடுத்தது. அதில் சி3 என்ற கேமராவின் படங்களுக்கு நீல நிறம் பூசுவார்கள். சி2 படங்களுக்குச் சிவப்பு. இரண்டுமே நாம் பிரித்துப் பார்க்க வசதியாகப் போட்ட நிறங்கள்தான். வெயிலில் நின்று தூரத்தில் வருகிறவரைப் பார்க்க நெற்றிக்கு மேல் கையை வைத்துச் சூரியனை மறைப்போமே, அந்த வேலையைத்தான் நடுவில் இருக்கும் தட்டு செய்கிறது. சி3 பார்க்கும் பரப்பு கிட்டத்தட்ட 16 பாகை அகலம். ஆதித்யாவின் கொரோனாகிராஃப், அதாவது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் செய்த விஇஎல்சி, சூரியனை ஒட்டிய பகுதியைப் பார்க்கக் கட்டியது. சூரியனின் மையத்திலிருந்து சுமார் 3 சூரிய ஆரம் வரைதான் அது பார்க்கும். இவ்வளவு அகலமான படம் அதிலிருந்து வரவே வராது.

அடுத்தது ரெக்கை. தெருக்குழாயில் வரிசையாகக் குடம் வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் பக்கத்துக் குடத்துக்குப் போகும். கேமராச் சில்லின் பிக்சல்களும் அப்படித்தான். மங்கலான ஒளியைப் பிடிக்கத் தயார் செய்த கேமராவில் மிகப் பிரகாசமான ஒன்று விழுந்தால், அங்கே சேர்ந்த மின்னூட்டம் வழிந்து அதே வரிசையில் இருக்கும் பிக்சல்களுக்குப் பரவும். அதனால்தான் நான்குக்கும் ரெக்கை ஒரே திசையில், அளவெடுத்த மாதிரி நேராக இருக்கிறது. ஆக, ரெக்கை கேமராவினுடையது. அந்த அளவில் நான் சொன்னது சரி. ஆனால் குடம் வழிந்தது என்றால் தண்ணீர் வந்தது என்றுதானே அர்த்தம்? அங்கே நிஜமாகவே நான்கு பிரகாசமான பொருட்கள் இருந்தன. அதை "ஒண்ணுமே இல்லை" என்று தள்ளியது என் சோம்பேறித்தனம்.

அவை என்ன என்று காட்டிக்கொடுத்தது அந்தப் புள்ளிக் கொத்து. அது கார்த்திகை!

இந்த ஊர்க்காரர்களுக்குக் கார்த்திகையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. தீபத்தன்று முழுநிலா அதன் பக்கத்தில் வரும். அப்போது சூரியன் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். ஆறு மாதம் கழித்துச் சூரியன் கார்த்திகை இருக்கும் பக்கத்துக்கு வந்துவிடும். அந்த நாட்களைத்தான் நாம் அக்னி நட்சத்திரம், கத்திரி வெயில் என்கிறோம். அப்போது கார்த்திகை பகலில் சூரியனோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் நம் கண்ணுக்குத் தெரியாது. சூரியனைத் தட்டு வைத்து மறைத்த சோஹோவுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் மே மாதம் இரண்டாம் பாதியில் சி3 படத்தில் கார்த்திகைக் கொத்து வந்து போகும். பஞ்சாங்கத்தில் இருப்பதைத்தான் விண்கலம் படம் பிடித்திருக்கிறது.

மாதம் கிடைத்துவிட்டது, வருஷம்? கார்த்திகைக்குப் பக்கத்தில், சூரியனை ஒட்டி, இத்தனை பிரகாசமாக நான்கு பேர் என்றால் கோள்களாகத்தான் இருக்க வேண்டும். குரு ஒரு சுற்று வர சுமார் 12 வருஷம், சனிக்கு 29 வருஷத்துக்கு மேல். சோஹோ கிளம்பியதிலிருந்து இருவரும் ஒன்றாக அந்த இடத்தில், மே மாதத்தில் இருந்தது 2000இல்தான். தேடினால் கிடைத்துவிட்டது: 2000 மே 15. இடப்பக்கம் புதன், வலப்பக்கம் வெள்ளி, குரு, சனி. அந்த மாதம் கோள்கள் வரிசையில் வருகின்றன, உலகம் அழியப்போகிறது என்றுகூடப் புரளி கிளம்பியது. ஆதித்யா கிளம்பியது 2023 செப்டம்பர் 2. தான் கிளம்புவதற்கு 23 வருஷம் முன்னால் ஆதித்யா எப்படிப் படம் எடுத்திருக்கும்?

வீடியோவின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். சி3 படத்தின் கீழே இடது மூலையில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். வீடியோவில் அந்த மூலை வெட்டப்பட்டிருக்கிறது. சித்தர்கள் வருவதை நம்புகிறவரோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் தேதியை வெட்டியவருக்கு, தேதி தெரிந்தால் கதை நிற்காது என்பது தெரிந்திருக்கிறது. மர்மம் வானத்தில் இல்லை, கத்தரிக்கோலில் இருக்கிறது.

தேதி இருந்தால் அடுத்த படத்தையும் முந்தைய படத்தையும் பார்க்கலாம். பாதி விஷயம் அதிலேயே தீர்ந்துவிடும். ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரிந்து அடுத்ததில் காணாமல் போனால், சில்லில் மோதிய காஸ்மிக் கதிர். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு பாகை வீதம் இடமிருந்து வலம் நகர்ந்தால் நட்சத்திரம். குருவும் சனியும் அதே திசையில் கொஞ்சம் மெதுவாகப் போவார்கள். புதனும் வெள்ளியும் சூரியனுக்கு அப்பால் இருக்கும்போது வலமிருந்து இடம் போவார்கள். 2000 மே மாதம் அப்படித்தான் போனார்கள். சில மணி நேரத்திலேயே சூரியனை நோக்கி ஓடினால், வால்நட்சத்திரமா என்று பார்க்க வேண்டும்.

சில படங்கள் இதைவிடக் கஷ்டம். 2011 டிசம்பரில் ஸ்டீரியோ விண்கலப் படத்தில் புதன் பக்கத்தில் ஒரு பெரிய மர்மக் கப்பல் என்று உலகமே பேசியது. பின்னணி ஒளியை நீக்குவதற்காக முந்தைய நாள் படங்களை வைத்துக் கழித்திருந்தார்கள். நேற்று புதன் இருந்த இடம் இன்றைய படத்தில் தழும்பாக நின்றது. அது கேமராக் கோளாறும் இல்லை, கப்பலும் இல்லை. கணக்கு விட்டுப்போன சுவடு.

எல்லாவற்றையும் "கோளாறு" என்று ஒதுக்குகிற என் மாதிரி ஆட்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இதே பொதுப் படங்களில், இதே மாதிரிப் புள்ளிகளை விடாமல் பார்த்தவர்கள் 2024 மார்ச்சுக்குள் 5000 வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். 2015இல் 3000ஆவதைக் கண்டவர் தாய்லாந்தைச் சேர்ந்த வொரசேட் பூன்ப்ளாட். அவர்களும் "இது என்ன?" என்றுதான் கேட்டார்கள். ஆனால் எந்தப் படம், எத்தனை மணி, எந்தப் பிக்சல் என்று குறித்துவைத்துக்கொண்டு கேட்டார்கள். நமக்கு வடமேற்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் 1988இல் ராஜமோகன் கண்டுபிடித்த 'ராமானுஜன்' சிறுகோளும் வேறு வழியில் கிடைக்கவில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று பார்த்ததில் கிடைத்ததுதான்.

மறுநாள் கடைக்குப் போய், "நேத்து நான் சொன்னது தப்புங்க, அங்க நாலு கிரகம் இருக்கு, மேல இருக்கறது கார்த்திகை" என்றேன். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "கத்திரி வெயில்ல கார்த்திகை எங்க போகுதுன்னு நான் யோசிச்சதே இல்ல சார்" என்றார்.

நீங்களும் அடுத்த மே 20 வாக்கில் சோஹோ பக்கத்தைத் திறந்து சி3 படத்தைப் பாருங்கள். தட்டுக்கு மேலே அந்தக் கொத்து இருக்கும். முதலில் கீழே இடது மூலையைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.