கழல் உருவிய வரி

நல்ல மனு எழுதக் கை வேண்டும். நைல் நதியின் எலிஃபன்டைன் தீவில் பாரசீகப் பேரரசின் படையில் இருந்த யூதர்கள், கி.மு. 407இல் யூதேயாவின் ஆளுநர் பகோஹிக்கு எழுதிய அரமேய மனுவில் அந்தக் கை தெரிகிறது. மூன்று வருஷத்துக்கு முன், எகிப்தியத் தெய்வம் க்னூமின் கோயில் பூசாரிகளின் தூண்டுதலில் வித்ரங்கா என்ற அதிகாரி அவர்களுடைய கடவுள் யாஹூவின் கோயிலை இடித்துவிட்டான். திரும்பக் கட்ட உத்தரவு வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் எடுத்ததும் கேட்டுவிடுவதில்லை. கல் வாசல்கள் ஐந்து, வெண்கலக் கீல்கள், தேவதாருக் கூரை என்று இடிந்ததையெல்லாம் முதலில் கண்முன் நிறுத்துகிறார்கள். பிறகு தங்கள் துக்கம்: எண்ணெய் பூசுவதில்லை, மது தொடுவதில்லை, மனைவியர் கைம்பெண்கள் போல் இருக்கிறார்கள்.

நடுவில் வருகிறது எனக்குப் பிடித்த வரி. வித்ரங்காவுக்கு நேர்ந்த கதியைச் சொல்லும்போது, நாய்கள் அவன் காலிலிருந்த கழலை உருவிவிட்டன என்கிறார்கள். அரமேயத்தில் நாய்க்கு க-ல-ப, கழலுக்கு க-ப-ல. மெய்களை மட்டுமே எழுதும் வழக்கம் என்பதால் விளையாட்டு கண்ணுக்கே தெரியும்: இரண்டு எழுத்து இடம் மாற, அவன் பூண்ட அணியே நாயாகிவிடுகிறது. தற்செயல் என்று யாராவது வாதாடலாம்; நான் ஒப்ப மாட்டேன். (நம் 'கழல்' என்ற சொல்லுக்கு அணி என்றும் பொருள், நழுவு என்றும் பொருள். மொழிபெயர்ப்பவருக்கு இது கொஞ்சம் ஆறுதல்.)

சொல்லைத் தேர்வதிலும் அதே கூர்மை. தங்கள் குருமாருக்கு ஒரு சொல், க்னூமின் பூசாரிகளுக்கு வேறொரு சொல், தவறியும் கலப்பதில்லை.

இந்த மனுவுக்கு இரண்டு வரைவுகள் கிடைத்திருப்பது நம் பாக்கியம். முதல் வரைவில் பூசாரிகள் வித்ரங்காவோடு கூட்டுச் சேர்ந்தார்கள் என்று மட்டும் இருக்கிறது. திருத்திய வரைவில் அவனுக்கு வெள்ளியும் பொருளும் கொடுத்தார்கள் என்று ஏறிவிடுகிறது. சதி லஞ்சமாகிவிட்டது. இடையில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பதில் சின்னக் குறிப்பாக வந்தது. அதுவும் தேர்ந்த கைதான். இவர்கள் கோயில் என்று எழுதியதை அது 'பலிபீட வீடு' என்கிறது. இவர்கள் கேட்டது உணவுப் படையல், தூபம், தகனபலி மூன்றும். குறிப்பில் உணவுப் படையலும் தூபமும் இருக்கின்றன.