வீட்டை ஆராய்தலும் உறவை ஆராய்தலும்

மகப்பேறு வாய்க்காத தம்பதிகள் ஒரு குழந்தையைச் சட்டப்படி சுவீகாரம் செய்துகொள்ள விண்ணப்பித்தபின், நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வரப்போகிறார் என்னும் செய்தி கிடைத்தவுடன், யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலும் அதனைச் சூழ்ந்த இணுவில், உடுவில், சுன்னாகம் முதலிய ஊர்களிலும் நிகழும் ஆயத்தங்கள் பெரும்பாலும் ஒரே தன்மையன. சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்படும், கிணற்றுக் கட்டு உயர்த்தப்படும், காணி உறுதியும் விவாகப் பதிவுப் பத்திரமும் வைத்தியச் சான்றிதழும் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியும் ஒரு கோவையில் ஒழுங்காக அடுக்கப்படும். பெண்குழந்தையை வேண்டுவோராயின், 1913ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரி நடைதூரத்தில் இருப்பதையும் சொல்ல மறவார். இவற்றில் தவறில்லை, குழந்தை தவழப்போகும் வளவில் கட்டில்லாத கிணறு இருக்குமாயின் அதனைக் கண்டு சொல்லுதல் உத்தியோகத்தரின் கடமையே. ஆயினும், உத்தியோகத்தரின் வருகைக்கு ஆயத்தமான வீடு குழந்தையின் வருகைக்கும் ஆயத்தமாகிவிட்டதெனக் கொள்ளுதல், இம்முறையின் நன்மையையே பாழாக்கும் மயக்கமாகும்.

இந்த ஆராய்வு அவசியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1917இல், சுவீகாரத்துக்கு முன் வீட்டை விசாரித்தறிதலைச் சட்டமாக்கியது. இலங்கையில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளைச் சுவீகரித்தற் கட்டளைச் சட்டம், சுவீகரிப்பவர் இருபத்தைந்து வயது நிரம்பியவராகவும், பொதுவாகப் பிள்ளையினும் இருபத்தொரு வயதேனும் மூத்தவராகவும் இருத்தல் வேண்டுமென விதித்து, கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. விசாரணை வெறும் சம்பிரதாயமாகிவிட்டால் விளையும் கேடு யாது என்பதை 1970களிலும் 80களிலும் இத்தீவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கதை காட்டும். பெறாத பெண்கள் பெற்ற தாய்மாராக நடித்துச் சம்மதம் கொடுத்தனர். பத்திரங்களில் பெயர்களும் பிறப்பிடங்களும் பொய்யாயின. அக்குழந்தைகளுட் பலர் இன்று நடுவயதினராகித் தம் தாயைத் தேடிவந்து, பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரே கற்பனை என்று அறிந்து திரும்புகின்றனர். மேற்படி கட்டளைச் சட்டத்தின் 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நியர் சுவீகாரத்தைக் கடுமையாக நெறிப்படுத்தியது. நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுச் சுவீகாரம் முழுவதையுமே நிறுத்திவைத்தது. அந்நாளில் பத்திரங்களுக்குக் குறைவிருக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. குறைந்தது, பத்திரத்துக்கு அப்பால் மனிதரைப் பார்க்கும் கண்ணே.

இவ்விடத்தில் நம் முன்னோரின் வழக்கை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுக்க, பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்வையிட்டு உடன்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டத் தொகுப்பான தேசவழமையில் சுவீகாரத்துக்கெனத் தனி விதிகள் இருந்தன. பிள்ளையை எடுத்து வளர்த்து உரித்தாளி ஆக்க விரும்புவோர், தமக்குப் பின் முதுசத்துக்கு உரியவராக நின்ற சகோதரர் முதலிய உறவினரின் சம்மதத்தைப் பெற்று, மஞ்சள் நீர் அருந்தும் சடங்கைப் பலர் அறியச் செய்தல் வேண்டும். அவ்வழக்கம் எப்போதோ வழக்கொழிந்தது; அது மீளவேண்டும் என்பதும் என் கருத்தன்று. அதன் நோக்கம் சொத்துரிமையைக் காத்தலேயன்றிக் குழந்தையைக் காத்தலன்று. குழந்தைக்கு அங்கே குரலே இல்லை. பத்து வயது கடந்த பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கும் இக்காலச் சட்டம் இவ்வகையில் மிக உயர்ந்தது. ஆனால், சுவீகாரம் கணவனும் மனைவியும் மாத்திரம் செய்யும் காரியமன்று, குலமே செய்யும் காரியம் என்னும் உண்மையை அப்பழைய விதி கண்டிருந்தது. இன்றைய விசாரணையோ தம்பதிகளைத் தனியே இருத்தி வினாவிவிட்டு உறவினரைப் படலைக்கு வெளியே விட்டுவிடுகின்றது.

யாழ்ப்பாணத்துக் குழந்தை ஒன்று பெற்றோரோடு மாத்திரம் வளர்வதில்லை. காது குத்தும்போது யார் மடியில் இருத்துவது, சாமத்தியச் சடங்கில் எந்த மாமன் முன்னே நிற்பது, தகப்பன் இறந்தால் யார் கொள்ளி வைப்பது என்னும் வினாக்கள் எழும் நாட்களிலேதான், பெரியப்பனும் மாமியும் இத்தனை ஆண்டுகளும் வாயினுள் அடக்கிவைத்த சொல் வெளிப்படும். தன்னைப் பற்றிய மெய்யைப் பதினான்கு வயதில் ஒரு சண்டையின் நடுவே அயலார் வாயால் கேட்கும் பிள்ளையின் மனம் என்னாகும் என்று எண்ணும்போது என் நெஞ்சு பதறுகின்றது. ஆதலின், பிள்ளைக்கு உண்மையை எந்த வயதில், எவ்விதம், யார் சொல்வது என்பதைத் தீர்மானித்தலே ஆயத்தங்களுள் தலையாயது. வெள்ளையடித்தல் அதற்கு வெகுதூரம் பின்னே நிற்கவேண்டும்.

பிறிதொரு குறை, பொருளுடையார்க்குச் சாதகமாகச் சாயும் போக்கு. 1995 ஒக்டோபரில் போரினால் இவ்வூர்கள் அடங்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளையும் பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் பல. ஆவணத்தைக் கொண்டு தகுதியை அளந்தால், இழப்பின் வேதனையை அறிந்தமையால் அநாதைக் குழந்தையை ஆதரிக்கும் பக்குவம் பெற்றவர்களே பின்தள்ளப்படக் கூடும். அன்றியும், ஒரு நாள் வருகை ஆண்டுக்கணக்கான வாழ்க்கையை வெளிப்படுத்தாது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், குழந்தை வீடு சேர்ந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டாண்டு தொடர்ந்து பார்வையிடுமாறு பணிக்கின்றன. எடுத்துக்கொள்ளத்தக்க ஏற்பாடு அது.

விண்ணப்பதாரர்க்கு நான் சொல்லத் துணிவது இவ்வளவே: உத்தியோகத்தர் வருமுன் உடன்பிறந்தாரையும் முதியோரையும் ஒருங்கே இருத்திப் பேசுங்கள், முதுசக் காணியில் இப்பிள்ளைக்குரிய பங்கைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். மறுப்பு உண்டாயின் அதனை உத்தியோகத்தரிடம் மறையாது கூறுங்கள். மறுப்பே இல்லாத குடும்பத்தைக் காட்டிலும், மறுப்பை எதிர்கொண்டு தீர்த்த குடும்பமே நம்பத்தக்கது என்று உணரும் அனுபவம் நல்ல உத்தியோகத்தருக்கு உண்டு. உத்தியோகத்தர் சிலரே, பார்க்கவேண்டிய கிராமங்களோ பல, உறவினர் வீடுகளுக்கெல்லாம் போவது சாத்தியமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபமே. எனினும், ஒரு குடும்பத்துக்கு இருமுறை வரக்கூடியவர், இரண்டாவது முறை அறிவிக்காமல் விண்ணப்பதாரரின் தமையனார் வீட்டுக்குப் போகலாமன்றோ?