காற்புள்ளி சுமக்கும் பொருள்

ஆங்கிலத்தில் ‘கமா’ எனப்படும் காற்புள்ளியின் பெயர், வெட்டிய துண்டு என்னும் பொருளுடைய ‘கொம்மா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல் முதலில் சுட்டியது குறியை அன்று, வாக்கியத்தின் சிறு பகுதியையே. தனித்து நின்றால் பொருள் முற்றுப்பெறாமல் முதன்மைத் தொடரை அண்டி நிற்கும் சார்புத் தொடரோடு சேரும்போதுதான் அக்குறியின் நுட்பம் முழுமையாக வெளிப்படுகிறது. ஜெர்மன் மொழியில் சார்புத் தொடரைக் காற்புள்ளியால் பிரித்தே ஆகவேண்டும் என்பது விதியாதலால், அங்கே அது வெறும் எல்லைக்கல். ஆங்கிலத்திலோ அதை இடுவதும் விடுவதும் பொருளையே மாற்றிவிடக்கூடியவை.

காலத்தையோ நிபந்தனையையோ கூறும் சார்புத் தொடர் முன்னே வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இடுவதும், பின்னே வந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவதும் பள்ளியிலேயே கற்பிக்கப்படும் பொதுவழக்கு. பெயரைத் தழுவி வரும் தொடர்களில்தான் சுவை கூடுகிறது. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் லண்டன் இஸ் எ டாக்டர்’ என்று குறியின்றி எழுதினால், உடன்பிறந்தார் பலருள் லண்டனில் வாழ்பவரைப் பிரித்துச் சுட்டியதாகும். ‘பிரதர்’, ‘லண்டன்’ ஆகிய சொற்களை அடுத்துக் காற்புள்ளி இட்டாலோ, உடன்பிறந்தார் ஒருவரே என்றும், லண்டன் பற்றிய செய்தி உபரியானது என்றும் ஆகிவிடும். ‘லண்டனில் வாழும் என் சகோதரர்’ என்ற தமிழ்ப் பெயரெச்சத் தொடர் இவ்விரண்டுக்கும் இடம் தருவதால், மொழிபெயர்ப்பாளர் இந்த வேறுபாட்டைக் காட்ட வேறு சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. 1926இல் வெளிவந்த தம் மொழிவழக்கு அகராதியில் ஃபவுலர், பிரித்துச் சுட்டும் தொடருக்கு ‘தட்’, உபரிச் செய்திக்கு ‘விச்’ என வகுக்க விரும்பினார். ஆயினும் நல்ல எழுத்தாளர் பலர் அவ்வாறு எழுதுவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சொல்லைவிடக் குறியே அந்த வேலையைச் செவ்வனே செய்கிறது என்பதற்கு அந்த எழுத்தாளர்களே சான்று.

எல்லாவற்றிலும் அருமையானது, எதிர்மறை வினைக்குப் பின் வரும் ‘பிகாஸ்’. ‘ஹி டிட் நாட் லீவ், பிகாஸ் ஹி வாஸ் அஃப்ரைட்’ என்றால் அவர் போகவில்லை, காரணம் அச்சம். காற்புள்ளியை எடுத்துவிட்டால், அவர் போனார், ஆனால் அச்சத்தால் அன்று என்றும் படிக்க வழி திறந்துவிடும். ‘நாட்’ என்ற மறுப்பு வாக்கியத்தின் கடைசிவரை பாய்ந்துவிடாமல் அணைபோல் தடுத்து நிறுத்துவது அக்குறிதான். ‘அவர் அஞ்சிப் போகாமல் இருந்தார்’, ‘அவர் போனது அச்சத்தால் அன்று’ எனத் தமிழ் வினைவடிவை மாற்றிச் செய்யும் வேலையை, ஆங்கிலம் எழுத்தின் அடியில் வளைந்து தொங்கும் இச்சிறு கீற்றிடம் ஒப்படைத்திருக்கிறது.