அழிப்பது எளிது, மீட்பது?

பழைய அலமாரியை அகற்றச் சொன்னால், வீட்டையே இடித்துவிடலாமா? ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனத்தில் 2022 ஏப்ரல் 5-ல் நடந்தது அதுதான். பொருள் உருவாக்கத் திட்டங்களின் பதிவுகளைப் பேணும் 'ஜிரா' மென்பொருள் அதனுடையது. பழைய செயலி ஒன்றை நீக்கவேண்டிய நிரலுக்கு, செயலியின் எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் எண்கள் தரப்பட்டன. கணிப்பொறி எச்சரிக்கவில்லை, 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன.

நகல்கள் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து சிலருடைய பதிவுகளை மட்டும் விரைவாக மீட்கும் ஏற்பாடு இல்லை. மீட்புப் பணி முடிய ஏப்ரல் 18 ஆயிற்று!

குற்றம் எண்களைத் தவறாகத் தந்தவருடையது மட்டுமன்று. அழிக்குமுன் 'நீக்கவேண்டியது' என்று குறித்துச் சிலநாள் காத்திருப்பதும், மீட்டுப் பார்த்து ஒத்திகை நடத்துவதும் மென்பொருளின் கடமை. நகல் எடுப்பது பாதி வேலைதான். உங்கள் நகலை மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா?