வேலன் பேசாத வெறியாட்டு: நனவுநிலை உளவியலும் அகப்பாடல் வாசிப்பும்

சங்க இலக்கியத்தை உளவியல் நோக்கில் அணுகும் கட்டுரைகளில் வெறியாட்டு பெரும்பாலும் இடம்பெறுவதுண்டு. வேலன் முருகன் தன்மேல் ஏறத் தன்னை மறந்து ஆடுகிறான். ஆதலின் அது மாறிய நனவுநிலை என்னும் முடிவு ஓரிரு தொடர்களில் எய்தப்படுகிறது. முடிவில் பெரும்பிழை இருப்பதாகக் கூறுவதற்கில்லை. ஆயின் அதற்குச் சான்று எவர் வாய்மொழி என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அகப்பாடலின் இயல்போடு நெருங்கிய தொடர்புடைய வினா இதுவே.

மாறிய நனவுநிலை என்னும் கருத்தாக்கத்தை 1966ஆம் ஆண்டுக் கட்டுரையில் வரையறுத்த ஆர்னால்டு லட்விக், அம்மாற்றத்தை உறுபவர் தாமே உணரலாம், அல்லது புறநின்று நோக்குவோர் கண்டறியலாம் என இருவழிக்கும் இடம் தந்தார். 1969இல் இப்பொருள் பற்றிய தொகைநூலை வெளியிட்ட சார்லஸ் டார்ட், தம் உளச்செயற்பாட்டின் தன்மை மாறியதை ஒருவர் தெளிவாக உணர்தலையே அடிப்படையாகக் கொண்டார். டார்ட்டின் அளவுகோலைக் கையாள்வோர் வேலனின் அகவுணர்வைக் காட்டியாக வேண்டும். அகப்பாடல் அதனைக் காட்டுவதில்லை. காட்டவும் இயலாது. களவில் கூற்றுக்குரியோர் அறுவரையும் கற்பில் பன்னிருவரையும் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துரைக்கிறது. பார்ப்பானுக்கும் பாணனுக்கும் அங்கு இடமுண்டு, வேலனுக்கு இல்லை. ஐங்குறுநூற்று வெறிப்பத்தில் (241-250) கபிலர் வேலனைக் களத்தில் நிறுத்துகிறார். அவன் கழங்கு பார்த்து உரைத்த முடிவு பிறர் வாயிலாகவே நமக்கு எட்டுகிறது. ஆடும்போது அவன் உற்றது யாது என்பதற்கு அங்கே சொல் இல்லை. குறுந்தொகை 362இல் தோழி, சினவாதிருக்குமாறு வேண்டிக்கொண்டு, இப்பலியைத் தலைவனின் மார்பும் உண்ணுமோ என வேலனை வினவுகிறாள். அவன் மறுமொழி பாடலில் இல்லை.

எனவே வேலனின் நனவு பற்றி அகப்பாடலிலிருந்து பெறத்தக்கவை புறநோக்குச் சான்றுகளே. அவற்றுள் தலையாயது அகநானூறு 98. வெறிபாடிய காமக்கண்ணியார் அதில் வேலனின் ஆட்டத்தை, வல்லவன் ஒருவன் இயக்கும் பொறிப்பாவையின் அசைவோடு ஒப்பிடுகிறார். சமய அனுபவம் பற்றிய 1902ஆம் ஆண்டு நூலில் வில்லியம் ஜேம்ஸ், மறைஞான நிலைக்குரிய நான்கு இயல்புகளுள் ஒன்றாகச் செயலறு நிலையைச் சுட்டினார். தன் விருப்பாற்றல் ஓய்ந்து மேலாற்றல் ஒன்றின் பிடியில் இருப்பதாக உணர்தல் அது. உவமை இதனோடு பொருந்துவது போலத் தோன்றுகிறது. ஆனால் பாவையை நோக்குபவள் தலைவி. இயக்குபவன் முருகனோ, தன் தொழிலில் தேர்ந்த வேலனே தானோ என்பதைப் பாடல் முடிவு செய்யவில்லை. ஜேம்ஸ் கூறியது உற்றவரின் உணர்வு. தலைவி கூறுவது கண்டவரின் காட்சி. ஒற்றுமையைக் கண்டு மகிழும் ஆர்வத்தில் இவ்வேறுபாடு மறக்கப்படுகிறது.

இப்பாடல்களுக்குப் பெரிதும் பயன்படக்கூடியவர் மானிடவியலார் எரிக்கா பூர்கிஞ்ஞோன். 488 சமூகங்களை ஒப்பிட்டு, அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறளவில் நனவுமாற்றம் நிறுவனமயமான வடிவில் உள்ளதென அவர் 1973இல் காட்டியது பலரும் அறிந்தது. அவ்வெண்ணைக் காட்டிலும் இன்றியமையாதது அவர் செய்த பகுப்பு. நனவுமாற்றம் ஒரு நிலை. தெய்வமோ ஆவியோ பற்றியது என்பது ஒரு விளக்கம். இரண்டும் சேர்ந்தும் வரலாம், பிரிந்தும் வரலாம். நனவு மாறாதிருக்கும் ஒருவரின் உடல்மெலிவிற்கும் தெய்வம் பற்றியமை காரணமாகக் கூறப்படலாம். வெறிக்களத்தில் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. வேலனிடம் நிலையும் விளக்கமும் சேர்ந்துள்ளன. தலைவியிடம் விளக்கம் மட்டுமே, அதுவும் அன்னை ஏற்றியது. அவள் நனவு மாறவில்லை. அக்களத்தில் எல்லாரினும் தெளிவாக இருப்பவள் அவளே. அகநானூறு 22இல் நள்ளிரவில் தலைவன் வந்து நோய் தணித்தபின், தொடர்பில்லாத வேலனால் தான் வருந்தியதை எண்ணி அவள் நகைப்பதும் அத்தெளிவினாலேயே.

நற்றிணை 34 இன்னும் நுட்பமானது. பிரமசாரி பாடிய இப்பாட்டில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்துகிறாள். இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்திருந்தும் வேலன் அழைக்க வந்தமையால், கடவுளேயாயினும் அவன் அறியாமை உடையவன் என்கிறாள். தெய்வம் வரவில்லை என்றோ, வேலன் நடிக்கிறான் என்றோ அவள் கூறவில்லை. நிலை மெய், விளக்கம் பொய். வெறியாட்டைச் சங்கப் புலவர்கள் மூடநம்பிக்கை எனச் சாடினர் என்னும் பகுத்தறிவு வாசிப்பும், அது உளநோய் என்னும் மருத்துவ வாசிப்பும் இப்பாடலின்முன் நில்லா. சடங்கின் எல்லைக்குள் விரும்பி ஏற்கும் தெய்வமேறலை 1992ஆம் ஆண்டின் பன்னாட்டு நோய் வகைப்பாடே நோயாகக் கொள்ளவில்லை. தெய்யத்தையும் வெளிச்சப்பாட்டையும் இளமை முதல் கண்டு வளர்ந்த கேரள மாணவர்க்கு இதனை விளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

அகநானூறு 98இல் தலைவியின் அச்சம் இவ்விடத்தில் பொருள் பெறுகிறது. வெறியாடியும் மேனி தேறாவிடில் களவு அலராகும். முருகன் அருளால் தேறிவிட்டாலோ, இவள் உற்ற நோய் வேறு எனத் தலைவன் கேட்க நேரும். அதன்பின் உயிர்வாழ்தல் அதனினும் அரிது என்கிறாள். இன்றைய உளவியல் நம்பிக்கையால் நேரும் நலப்பேறு என வழங்குவது அவள் அறிந்திராத ஒன்றன்று. சடங்கு பலிக்கக்கூடும் என்பதே அவளை அச்சுறுத்துகிறது. நலம் பெற்ற உடல் தன் காதலுக்கு எதிரான பொய்ச்சான்றாகிவிடும். வேலனின் நனவை மட்டும் ஆராயும் கட்டுரைகள் இவ்வச்சத்தைக் கடந்து போய்விடுகின்றன. இழப்பு இலக்கியத்திற்கு மட்டுமன்று, உளவியலுக்கும்தான்.

தெய்வம் ஏறியவர் தம் வாயால் பேசுவதைக் கேட்க விரும்புவோர் சிலப்பதிகாரத்திற்குச் செல்லவேண்டும். வேட்டுவ வரியில் சாலினி தெய்வமுற்றுக் கண்ணகியைப் போற்றுகிறாள். கண்ணகியோ மூதாட்டி மயங்கி மொழிந்தாள் என நாணிக் கணவன் பின்னே ஒதுங்குகிறாள். அகத்தலைவியின் ஐயம் இங்கும் தொடர்கிறது. ஆனால் இம்முறை ஐயுற்றவளே பிழைபட்டவள், சாலினியின் சொல் பலித்துவிடுகிறது. வரந்தரு காதையில் தேவந்திமேல் தோன்றும் கண்ணகி, இளங்கோவின் பழைய வரலாற்றை அவரிடமே எடுத்துரைக்கிறாள். ஏறிய தெய்வத்தின் சொல்லைக் கேட்டு நிற்பவர் அங்கே நூலாசிரியரே.