யார் கையில் அளவுகோல்?

மனோதத்துவப் பாடப்புத்தகம் எதைப் புரட்டினாலும், 'இயல்பான நடத்தை எது, பிறழ்ந்த நடத்தை எது?' என்ற கேள்விக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் சில அளவுகோல்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலோரிடம் காணப்படாதது பிறழ்வு, இது முதலாவது. சமூகம் ஒப்புக்கொண்ட வழக்கத்துக்கு மாறானது பிறழ்வு, இது இரண்டாவது. மனவேதனை தருவது மூன்றாவது. அன்றாடக் காரியங்களைச் செய்யவிடாமல் முடக்குவது நான்காவது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பதை ஐந்தாவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. கடைசியில், 'இவற்றில் எதுவும் தனித்துப் போதாது' என்று நேர்மையாக எழுதி அத்தியாயத்தை முடித்துவிடுவார்கள்.

இதில் கதை எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவனுடைய பிழைப்பு. ஆகவே இந்த அளவுகோல்களை ராமநாதபுரத்துக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள மனிதர்கள்மீது வைத்துப் பார்க்கலாமென்று தோன்றுகிறது. அவற்றுக்கு நல்ல பரீட்சை அந்தக் கரையில் காத்திருக்கிறது.

எண்ணிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். நாட்டிலுள்ள பெண்களைக் கணக்கெடுத்தால் இவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. எண்ணிக்கைப்படி இது பிறழ்வு. வயிற்றுப்பாட்டின்படி இது உழைப்பு. அபூர்வமாக இருப்பதற்கும் கோளாறாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

சமூக வழக்கம் என்ற அளவுகோல் ராமேசுவரத்தில் என்ன ஆகிறது? அங்கே நல்ல குடும்பத்துப் பெரியவர்கள் உடுத்த துணியோடு கடலில் முழுகுகிறார்கள். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடுகிறார்கள். இதையே ஒருவர் தன்னந்தனியாகச் சென்னைத் தெருக் குழாய்களில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனால், வீட்டார் அன்றைக்கே வைத்தியரைத் தேடுவார்கள். செய்கை ஒன்றுதான், கூட நிற்கும் கூட்டந்தான் வேறு.

மூன்றாவது, வேதனை. 1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பெற்றவரையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பேச்சற்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன வியாதி என்று யாராவது கேட்டிருப்பார்களா? ஆனால் துக்கத்துக்கும் தவணை வைத்தவர்கள் உண்டு. அமெரிக்க மனநல வைத்தியர்களின் நோய்ப்பட்டியல் ஒரு காலத்தில், மரணம் நேர்ந்த முதல் 2 மாதத் துயரத்தைச் சாதாரணமாக மனச்சோர்வு நோயாகக் கொள்வதில்லை. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். உதவி தேவைப்படுகிறவனுக்கு அது தாமதமாகக் கூடாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. அழுவதற்கு உரிமையுள்ள நாட்களை வைத்தியர் எண்ணலாமா என்ற எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு.

நான்காவது, முடக்கம். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் வீட்டையும் உறவையும் துறந்து, சம்பாத்தியம் எதுவுமின்றித் திரிந்து, கடைசியில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அன்றாடக் காரியம் என்று நாம் சொல்வதில் ஒன்றுகூட அவர் செய்யவில்லை. ஜனங்கள் அவருக்குக் கொடுத்த பெயர் மஸ்தான். மதிமயங்கியவர், பித்தர் என்று அதற்கு அர்த்தம். குணங்குடி மஸ்தான் சாகிபு என்று தமிழ் அவரை இன்றும் கொண்டாடுகிறது. சிவனையே பித்தன் என்று விளித்த மொழிக்கு இது புதிதல்ல.

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். 'பைத்தியம் என்று எதுவுமில்லை, பார்க்கிறவர் கண்ணில்தான் இருக்கிறது' என்று எழுத்தாளர்கள் சிலருக்குச் சொல்லப் பிடிக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' நாவலை வாசித்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். 1993-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற அந்த நாவலின் மகாலிங்கம், தன் காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் குரல்களோடு போராடுகிறான். அந்த அவஸ்தையை ஆசிரியர் தாமே பட்டு எழுதினார். அந்தக் குரல்கள் கவிதை அல்ல, ஞானமும் அல்ல; சித்திரவதை. மனநோய் உண்மையானது. அதைத் தெய்வாம்சமாக்கி ஒதுங்கிக்கொள்வதும் ஒருவிதமான கைவிடல்தான். ஆனால் நாவல் இன்னொன்றும் காட்டுகிறது. குரல்களைக் கேட்கிறவன், அவற்றைக் குரல்களென்று தெரிந்துகொண்டு, அவற்றோடு வழக்காடுகிற மனிதனாகவும் இருக்கிறான். நோய் அவனுக்குள் இருக்கிறது. அவன் முழுவதும் நோயாகிவிடவில்லை.

இந்த வித்தியாசத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே கடற்கரையில்தான் சாட்சி இருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தினரும் மனநோயாளிகளைக் கூட்டிவந்தார்கள். தங்கிப் பிரார்த்தித்தால் குணமாகும் என்பது நம்பிக்கை. வருகிறவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் காப்பகங்கள் தோன்றின. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி அதிகாலையில் அவற்றில் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே பெரும்பாலோர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். ஒரு வாரத்தில் அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசாங்கப் பராமரிப்புக்குப் போனார்கள். பத்திரிகைச் செய்தியைக் கண்டு உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணையில் இறங்கியது.

நெருப்பைக் கண்டு தப்பி ஓட நினைப்பதைவிட இயல்பான நடத்தை உலகில் இல்லை. அந்த அதிகாலையில் சங்கிலியை இழுத்தவன், எந்தப் புத்தகத்தின்படியும் சரியாகவே நடந்துகொண்டான். அதே சங்கிலியை முந்தின இரவு இழுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'வெறி முற்றிவிட்டது' என்றுதானே?

இது என் கற்பனையல்ல என்பதற்குச் சரித்திரத்தில் முன்னுதாரணம் உண்டு. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க டாக்டர், எஜமானனிடமிருந்து தப்பியோடும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதி, அதற்கு டிராப்டோமேனியா என்று நாமகரணமும் செய்தார். விலங்கு பூட்டியவன் இயல்பானவன். அறுத்துக்கொண்டு ஓடியவன் நோயாளி! அளவுகோல் எஜமானன் கையில் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தத் தவறு முற்றிலும் போகவில்லை. ஒருபால் விருப்பத்தை அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது 1973-இல்தான். உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு 1990 வரை பிடித்தது. அதுவரை நோயாளிகளாக இருந்தவர்கள் ஒரே நாளில் குணமாகிவிட்டார்கள், எந்த மருந்துமில்லாமல்!

அப்படியானால் ஏர்வாடியில் எந்த அளவுகோல் பயன்பட்டது? ஐந்தாவதான 'ஆபத்து' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பல வீடுகளில் ஆபத்து என்ற சொல்லுக்குள் தொந்தரவு என்பது ஒளிந்துகொண்டிருக்கிறது. பெற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டின் பெரிய அரசாங்க மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. ஏர்வாடியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் காசில்லாமல், இரவெல்லாம் விழித்திருந்து களைத்துப்போன ஒரு தாய் எங்கே போவாள்? பிரார்த்தனை அருகில் இருந்தது, போனாள். மருந்தும் அருகில் இருந்திருந்தால் இரண்டையும் ஏற்றுக்கொண்டிருப்பாள். பிற்பாடு தர்காவின் பக்கத்திலேயே வைத்தியர்கள் வந்து, பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அது முன்னமேயே வந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் பாஷை மாறியதையும் கவனிக்க வேண்டும். 1912-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பைத்தியக்காரன் என்றால் புத்தி ஸ்வாதீனமற்றவன், அவ்வளவுதான். 1987-ஆம் வருஷச் சட்டம், மனக்கோளாறினால் சிகிச்சை தேவைப்படுகிறவன் என்றது. 2017-ஆம் வருஷச் சட்டம் இன்னும் தூரம் போயிற்று. சிந்தனை, உணர்ச்சி, நினைவு முதலியவற்றில் கணிசமான கோளாறு ஏற்பட்டு, தீர்மானிக்கும் சக்தியையோ வாழ்க்கை நடத்தும் சக்தியையோ அது பெரிதும் குலைக்க வேண்டும் என்றது. சமூகத்தின் ஒழுக்க, கலாசார, மத நம்பிக்கைகளுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாதென்றும் எழுதியிருக்கிறது. எந்த விதத்திலும் சங்கிலி கூடாது என்று வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது.

ஆக, புத்தகத்தின் இரண்டாவது அளவுகோலைச் சட்டம் தள்ளிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது அதிலுள்ள இன்னொரு விதி. நோய் கண்டால் தமக்கு எப்படிச் சிகிச்சை செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது என்று, வயது வந்த எவரும் புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். 'சித்தம் கலங்கியவனிடம் என்னத்தைக் கேட்பது?' என்று வழக்கமாகக் கேட்போம். கலங்குவதற்கு முன்னும், தெளிந்த பின்னும் கேட்கலாம் என்பது அதற்குப் பதில்.

மனோதத்துவம் தன் அளவுகோல்களை வைத்துக்கொள்ளட்டும்; வைத்தியம் செய்ய அவை வேண்டியிருக்கின்றன. ஒரு மனிதனுக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்க்க அவை உதவும். அவனுக்கு எவ்வளவு சுதந்திரம் போதும் என்று வெட்டிக் கொடுக்க அவற்றை எடுக்கக் கூடாது. அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்துகிறவர்கள், ஐந்து அளவுகோல்களுக்கும் முன்னால் ஒரு வரி சேர்த்தால் நல்லது: அளக்கப்படுகிறவன் என்ன சொல்கிறான் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளவும்.