எடையில்லாத முடி

முடியரசுக் காதற்கதை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. கல்கியின் இளவரசர்களோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வகைமை எழுத்தாளரிடம் கேட்பது இரண்டே இரண்டு: காதலுக்கு வரும் தடை நம்பும்படி இருக்கவேண்டும், அது விலகுவதும் நம்பும்படி இருக்கவேண்டும். கேஸி மக்குவிஸ்ரனின் 'றெட், வைற் அன்ட் றோயல் புளூ' (2019) முன்னதைச் செவ்வனே செய்கிறது. பின்னதில் வழுக்குகிறது.

அமெரிக்காவின் முதலாவது பெண் சனாதிபதியின் மகன் அலெக்ஸும் பிரித்தானிய இளவரசன் ஹென்றியும் அரச திருமணமொன்றில் வாய்த்தர்க்கப்பட்டு, எழுபத்தையாயிரம் டொலர் கேக்கோடு சேர்ந்து நிலத்தில் விழுகிறார்கள். மானத்தைக் காப்பாற்ற நண்பர்களாக நடிக்கச் சொல்கின்றன இரு தரப்பும். நடிப்பு மெய்யாகிறது. சூத்திரம் பழையது, அதைக் கையாளும் கை தேர்ந்தது.

அந்தத் தேர்ச்சிக்குச் சான்று மின்னஞ்சல்கள். நாவல் முழுவதும் அலெக்ஸின் பார்வையிலேயே நகர்கிறது. ஆகவே ஹென்றியின் மனம் வாசகருக்கு அடைபட்டே கிடந்திருக்கவேண்டும். ஆனால் எழுதும்போது மட்டும் அவன் திறக்கிறான். அரண்மனைப் பயிற்சி பூட்டிவைத்த நாக்கைக் கடிதம் அவிழ்க்கிறது. மடல்களின் அடியில் பழைய காலத்துக் காதலர் கடிதங்களிலிருந்து ஒரு வரியைப் பொறித்து அனுப்புகிறார்கள் இருவரும். தங்களுக்கு முன்னோர் உண்டு என்று நிறுவும் முயற்சி அது. பிறகு அதே மடல்கள் களவாடப்பட்டு ஊரறிய வெளியாகும்போது, பாத்திர வார்ப்புக்கு உதவிய உத்தியே கதைத் திருப்பமும் ஆகிறது. வடிவ ஒருமை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

குறைகளும் அதே அளவுக்குத் துலக்கமானவை. துணைப் பாத்திரங்கள் எல்லோரும் ஒரே சாதுரியத்தோடு, ஒரே நாக்கால் பேசுகிறார்கள்; பெயரை மறைத்தால் யார் பேசுவது என்று தெரியாது. கடைசிப் பகுதியைத் தேர்தல் பிரசாரம் விழுங்கிவிடுகிறது. மக்குவிஸ்ரன் இந்நூலை எழுதத் தொடங்கியது 2016இல். அந்த ஆண்டின் தேர்தல் முடிவுக்கு மாற்றாக ஒரு கனவை வைக்கும் ஆசை புரிகிறது. ஆனால் ஆசை கதைக்கோப்பின் இடத்தைப் பிடித்துவிட்டது. மிகப் பெரிய சறுக்கல் அரசி. நூல் முழுக்க அச்சமூட்டிய அதிகாரம், மக்கள் ஆதரவைக் கண்டதும் ஒரே சந்திப்பில் தளர்ந்துவிடுகிறது. நிஜத்தில் நடப்பது வேறு: 2006இல் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படுத்திய குஜராத் ராஜ்பிப்லா இளவரசர் மன்வேந்திர சிங் கோஹிலைக் குடும்பம் பகிரங்கமாகத் துறந்தது. ஊரிலே கொடும்பாவி எரிந்தது. மெய்யான அரண்மனைகள் அவ்வளவு சுலபத்தில் இளகுவதில்லை.

நல்லூரில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனின் சிலையைக் கடந்து போய்வரும் வாசகருக்கு இன்னொரு உறுத்தலும் இருக்கும். ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இலங்கைத் தீவுக்கு வந்தது இதே பிரித்தானிய முடியின் ஆட்சியில்தான். இங்கிலாந்து தன் சட்டத்தை 1967இல் தளர்த்திக்கொண்டது; இங்கே 365ஆம் பிரிவு நின்றுவிட்டது. பேரரசின் பழியை ஹென்றி தொட்டுப் பேசுகிறான், உண்மை. பேச்சோடு அது முடிந்துபோகிறது.

ஒப்புநோக்க எங்களிடமே ஒரு நூல் உண்டு: ஷியாம் செல்வதுரையின் 'சினமன் கார்டன்ஸ்' (1998). பிரித்தானியாவின் டொனமூர் ஆணைக்குழு வந்திறங்கும் 1927இன் கொழும்பில், தமிழ் முதலியார் குடும்பமொன்றில், பாலேந்திரனும் அவனது இலண்டன்காலக் காதலன் றிச்சர்டும் மறுபடி சந்திக்கிறார்கள். முடி இல்லை, ஆனால் முதலியார் பட்டத்தின் கனம் ஒவ்வொரு அறையிலும் உணரப்படுகிறது. பாலேந்திரனுக்கு மனைவி உண்டு, மகன் உண்டு, தகப்பனுக்கு அஞ்சிய நீண்ட பழக்கமும் உண்டு. ஆகவே அவன் தகப்பனை எதிர்த்து ஈற்றில் பேசும் சில வார்த்தைகள், மக்குவிஸ்ரனின் அரசி இளகும் காட்சி முழுவதையும்விட அதிகம் சாதிக்கின்றன. அதே வேளை, செல்வதுரையின் நடை சில இடங்களில் வரலாற்றுத் தகவலின் சுமையால் தள்ளாடுகிறது. அந்த வீட்டில் சிரிப்பு அருமை. இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் சீண்டி மகிழும் சாதாரண சந்தோசத்துக்கு அவர் இடமே வைக்கவில்லை. அந்த இடத்தை மக்குவிஸ்ரன் நிரப்புகிறார். இதைச் சிறிய சாதனை என்று ஒதுக்கமுடியாது.

விமர்சகர் கைலாசபதிக்குப் பின் யதார்த்தவாதத்தையே உரைகல்லாகக் கொண்ட ஈழத்துத் திறனாய்வு, இத்தகைய நூல்களைப் பொழுதுபோக்கு என்று புரட்டிப் பாராமலே தள்ளிவிடும். அது நியாயமல்ல. இலேசான எழுத்துக்கும் தரம் உண்டு. அதற்குரிய அளவுகோலால் அளந்தால் மக்குவிஸ்ரன் முக்கால்வாசி நூலில் தேறுகிறார். மத்தியூ லோப்பஸ் இயக்கிய இந்நூலின் 2023ஆம் ஆண்டுத் திரைவடிவம் அரசியை அரசனாக்கிக் கதையைச் சுருக்கியபோதும் இந்த முடிவுச் சிக்கலை அவிழ்க்கவில்லை.

காதற்கதையாக இது முதல் தரம். அதிகாரத்தைப் பற்றிய நாவலாக இரண்டாம் தரம். இரண்டில் ஒன்றைத்தான் வாசிக்க நேரம் உண்டென்றால் செல்வதுரையை எடுங்கள்.